விர்ஜினியா டிக்கெட், நியூஜெர்சி லைசென்ஸ், நடுவில் ஒரு வக்கீல்

தென் விர்ஜினியாவில் போக்குவரத்து வழக்குகள் மட்டும் பார்க்கிற ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தைப் பற்றிய விமர்சனம் இது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பெயரைப் போடவில்லை. குறையையும் எழுதப்போகிறேன், வக்கீலிடம் எதற்கு வம்பு.

வேக மீறல் டிக்கெட் என் வீட்டுக்காரருக்கு, தலைவலி எனக்கு. எங்கள் வீட்டில் வரி, இன்சூரன்ஸ், விசா என்று காகிதம் எதுவாக இருந்தாலும் அது என் மேஜைக்குத்தான் வரும்.

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு வேனில் போனவர்களுக்கு ஐ-95 நெடுஞ்சாலை எப்படி என்று தெரியும். வாஷிங்டனிலிருந்து ஃப்ரெடரிக்ஸ்பர்க் வரை ஊர்ந்து ஊர்ந்து பொறுமை போய்விடும். ரிச்மண்ட், பீட்டர்ஸ்பர்க் தாண்டியதும் சாலை காலியாகும், இருபுறமும் பைன் மரம், 70 மைல் பலகை. எம்போரியா வருவதற்குள் மாட்டுகிறவர்கள் ஏராளம். இவர் மாட்டியது 88 மைல் வேகத்தில். ட்ரூப்பர், அதாவது மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், மரியாதையாகவே பேசினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்மன் தாளைக் கொடுத்தார். அதில் 46.2-862 என்று ஒரு எண் இருந்தது. 70க்கு 88, பதினெட்டு மைல் அதிகம், நூறு இருநூறு டாலரோடு போகும் என்று இவர் தாளை மடித்து வைசருக்குள் செருகிவிட்டார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணைப் போனில் தேடினேன்.

விர்ஜினியா சட்டத்தில் 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலும் குற்றம், பலகையில் என்ன வேகம் இருந்தாலும் 85ஐத் தாண்டினாலும் குற்றம். 2020 ஜூலைக்கு முன்பு அந்த எல்லை 80 ஆக இருந்தது. இரண்டில் ஒன்று பொருந்தினாலும் அது சாதாரண வேக மீறல் கிடையாது, ரெக்லஸ் டிரைவிங், அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது. கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம். இப்படிப்பட்ட வேகத்துக்கு யாரையும் ஒரு வருடம் உள்ளே போடுவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிட முடியாது, கோர்ட் தேதி உண்டு. ஊரில் எல்லாரும் பயமில்லாமல் வைத்திருக்கிற, போலீஸ் ரேடாரைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் டிடெக்டர்கூட அந்த மாநிலத்தில் சட்டவிரோதம் என்பதையும் அப்போதுதான் படித்தேன். நல்லவேளை, எங்களிடம் அது இல்லை.

நாங்கள் வீடு திரும்பிய வேகத்திலேயே கடிதங்களும் வந்து சேர்ந்தன. விர்ஜினியாவில் இந்த வழக்குப் பட்டியலை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பார்க்கலாம், வக்கீல்கள் தினமும் பார்க்கிறார்கள். உறையின் மேலேயே விளம்பரம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இவருடைய பெயர், குற்றப் பிரிவு, கோர்ட் தேதி எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கடிதத்தில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம்கூட வந்தது. தபால் பெட்டியில் கணவருடைய குற்றப் பட்டியல் ஏழெட்டு பிரதிகளாகக் கிடைப்பது விநோதமான அனுபவம்.

அதற்குள் உறவினர் ஆலோசனை தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் குவீன்ஸில் இருக்கும் என் கொழுந்தனார் போனில், "அண்ணி, கட்டிட்டு விடுங்க. எனக்கு கனெக்டிகட்ல ரெண்டு தடவை வந்துச்சு, லைசென்ஸ்ல ஒண்ணும் ஏறல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நியூயார்க் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு வேறு மாநிலத்தில் வருகிற சாதாரண வேக டிக்கெட்டை நியூயார்க் டிஎம்வி, அதாவது அந்த மாநில வாகனத் துறை, பதிவிலேயே சேர்ப்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டியது மாதிரி பெரிய குற்றமாக இருந்தால்தான் சேர்க்கும். வேடிக்கை என்னவென்றால், கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் டிக்கெட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும், பக்கத்து நியூஜெர்சி டிக்கெட்டைச் சேர்க்காது. கொழுந்தனாரின் அனுபவம் அவருடைய லைசென்ஸுக்குத்தான் பொருந்தும், எங்கள் லைசென்ஸுக்குப் பொருந்தாது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" கதைகளில் பாதி இப்படித்தான். எந்த மாநில லைசென்ஸ் என்பதைச் சொல்லாமலே ஆலோசனை சொல்வார்கள்.

நியூஜெர்சி கணக்கு வேறு. டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்று மாநிலங்களுக்குள் 1960களிலிருந்து ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஓர் ஓட்டுநர், ஒரு லைசென்ஸ், ஒரே பதிவு என்பது அதன் கொள்கை. 45 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் அதில் உண்டு. ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், டென்னசி, விஸ்கான்சின் மட்டும் இல்லை. வெளியூரில் தண்டனை உறுதியானால் அந்த மாநிலம் உங்கள் சொந்த மாநிலத்துக்குத் தகவல் அனுப்பும். வந்த தகவலை என்ன செய்வது என்பதைச் சிறு குற்றங்களில் சொந்த மாநிலமே முடிவு செய்யும். நியூயார்க் தூக்கிப் போடுகிறது. நியூஜெர்சியோ வெளிமாநில வேக மீறல் எதுவானாலும் ஒரே மாதிரி 2 பாயின்ட் போடுகிறது. பாயின்ட் என்பது ஓட்டுநர் பதிவில் ஏறும் குற்றப் புள்ளி. உள்ளூரில் 15 மைல் அதிகம் போனால் 4 பாயின்ட், 30 போனால் 5. வெளியூரில் எவ்வளவு அதிகம் போனாலும் அதே 2.

ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸும் மிச்சிகனும் காம்பாக்ட்டில் இல்லை, ஆனால் தங்கள் ஓட்டுநர்கள் வெளியில் வாங்குகிற டிக்கெட்டை இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. ஜார்ஜியாவில் 85க்கு மேல் மாட்டினால் அபராதம் போக சூப்பர் ஸ்பீடர் என்று தனியாக 200 டாலர் கேட்பார்கள், வெளிமாநிலத்தவருக்கும்தான்.

இனி வக்கீல் தேர்வு. விமர்சனத்தின் முக்கியமான இடம் இதுதான்.

நான் பேசிய முதல் அலுவலகம் பெரியது, கால் சென்டர் மாதிரி. எடுத்தவர் வேகத்தைக் கேட்டார், கிரெடிட் கார்டைக் கேட்டார், "வேகத்தைக் குறைத்து வாங்கிக் கொடுத்துவிடுவோம், பாயின்ட் குறையும்" என்றார். எந்த மாநில லைசென்ஸ் என்று கடைசி வரை கேட்கவில்லை. விர்ஜினியா லைசென்ஸ்காரருக்கு அந்தப் பேச்சு சரி, அங்கே வேகத்தைப் பொறுத்துப் பாயின்ட் மாறும். எங்களுக்கு 84க்கும் 2 பாயின்ட், 76க்கும் 2 பாயின்ட். பாயின்ட்டைக் குறைக்கிறேன் என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்குவதில் அர்த்தமே இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த விமர்சனத்துக்குரிய வக்கீலிடம் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "லைசென்ஸ் எந்த மாநிலம்?" இரண்டாவது, "அமெரிக்கக் குடிமகனா, விசாவா?" மூன்றாவதுதான் வேகம். நியூஜெர்சி, ஹெச்-1பி என்றதும் நேராக விஷயத்துக்கு வந்தார். உங்களுக்குப் பாயின்ட் பெரிய பிரச்சினை இல்லை, ரெக்லஸ் என்கிற கிரிமினல் தீர்ப்பு வராமல் பார்ப்பதுதான் வேலை, அது சாதாரண வேக மீறலாக இறங்கினால் வெற்றி, முழுக்கத் தள்ளுபடி ஆகும் என்று நான் சொல்லமாட்டேன், 88ல் அது நடப்பது அபூர்வம் என்றார். பாயின்ட் ஏறாத உபகரணக் கோளாறு என்ற பிரிவுக்கு மாற்ற முடியாதா என்று நான் கேட்டேன், கூகுள் படிப்பு! இன்னும் குறைந்த வேகமாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், இதில் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. கட்டணம் ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே தொகை. அபராதமும் கோர்ட் செலவும் அதில் சேராது என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்தார்.

குடியேற்ற விஷயத்தில் தான் நிபுணர் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. விசா படிவத்தில் கைதானதுண்டா, குற்றத் தீர்ப்பு உண்டா என்று வரும் கேள்வியைப் பூர்த்தி செய்தவர்களுக்கு என் கவலை புரியும். சென்னையில் ஸ்டாம்பிங் போய் நிற்கும்போது மிஸ்டிமீனர் பற்றி விளக்கம் சொல்ல யாருக்கு ஆசை? அதற்கு எங்கள் கம்பெனி வக்கீலிடம் தனியாகப் பேசிக்கொண்டோம்.

அப்புறம் விர்ஜினியா வக்கீல் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒன்று, நியூஜெர்சியின் வாகனத் துறையான எம்விசியிலிருந்து ஓட்டுநர் வரலாறு. ஆன்லைனில் 15 டாலர், உடனே வந்தது, சுத்தமாக இருந்தது. இரண்டு, ஸ்பீடோமீட்டர் சோதனைச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

விர்ஜினியா சட்டப்படி உங்கள் வண்டியின் ஸ்பீடோமீட்டர் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்குச் சத்தியப் பிரமாணத்துடன் அறிக்கை கொடுத்தால், குற்றத்தை முடிவு செய்யும்போதும் தண்டனையை முடிவு செய்யும்போதும் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்கலாம். அங்கே இதற்கென்றே கடைகள் உண்டு. எங்கள் பக்கத்தில் கேட்டால் மெக்கானிக் முழிக்கிறார். ரூட் 27ல் நாங்கள் வழக்கமாகப் போகிற கடைக்காரர், "வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் டைனமோமீட்டர் உருளை வைத்திருக்கும் ஒரு கடை கிடைத்தது. எங்கள் சியன்னாவின் முன் சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகளின் மேல் ஏற்றி, வார் போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டினார்கள். பள்ளிக்கூட மினிவேன் கராஜுக்குள் நின்றபடி 80 மைல் வேகத்தில் உறுமுவதைப் பார்க்க என் பையன் லீவு போடாத குறை. உருளை காட்டும் வேகத்தை ஒருவர் வாசிக்க, டேஷ்போர்டு காட்டுவதை இன்னொருவர் வாசிக்க, மூன்றாமவர் தாளில் எழுதினார். எங்கள் வண்டி உண்மை வேகத்தைவிட 2 மைல் குறைத்துக் காட்டியது, டயர் மாற்றியதால் இருக்கலாம் என்றார்கள். அந்தத் தாளை நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். 86 என்று காட்டியிருந்தாலும் 85க்கு மேல்தானே என்று நான் வாதிட்டேன். நான் என்ன வக்கீலா? அது நீதிபதிக்கு ஒரு சாக்கு கொடுக்கும், அவ்வளவுதான் அதன் பயன் என்றார் வக்கீல்.

மூன்றாவது வீட்டுப்பாடத்தில்தான் அந்த ஒரு நட்சத்திரம் போனது. கோர்ட் தேதிக்கு முன் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுத்தரும் ஒரு டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் அனுப்பச் சொல்லி அலுவலக உதவியாளர் மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் மாநிலத்தில் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் நல்லது என்றும் ஒரு வரி. விர்ஜினியாக்காரருக்கு நல்ல ஆலோசனை. நியூஜெர்சிக்காரருக்கு அது கைக்காசைத் தெருவில் போடுகிற வேலை. எம்விசி அங்கீகரித்த கோர்ஸ் முடித்தால் பதிவில் இருக்கிற பாயின்ட்டில் 2 கழியும், 5 வருடத்துக்கு ஒரு முறைதான் அந்தக் கழிவு. பதிவில் பாயின்ட் இருந்தால்தானே கழிக்க முடியும்? தீர்ப்புக்கு முன்னால் எடுத்தால் கழிக்க ஒன்றுமில்லை, தீர்ப்புக்குப் பிறகு 2 பாயின்ட் ஏறும். நான் இதை எழுதிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. மறுபடி எழுதினேன். வக்கீலிடமே பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகு அவர் வந்து, "நீங்கள் சொல்வது சரி, கோர்ட்டுக்கு எந்தக் கோர்ஸ் என்றாலும் போதும், வேறு மாநிலத்துக் கோர்ஸ் ஒன்றை எடுங்கள், உங்கள் ஊர் கோர்ஸைப் பத்திரப்படுத்துங்கள்" என்றார். தன் கோர்ட்டை உள்ளங்கை மாதிரி தெரிந்தவர், எங்கள் எம்விசி விதிகளை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் விர்ஜினியா பாணியில் எட்டு மணி நேரக் கோர்ஸ் ஒன்றை லேப்டாப்பில் ஓடவிட்டு, பக்கத்தில் கிரிக்கெட்டையும் ஓடவிட்டு முடித்தார்.

கோர்ட்டுக்கு நாங்கள் போகவில்லை. வழக்கு மிஸ்டிமீனர் என்றாலும் இந்த வேகத்துக்கு வக்கீல் மட்டும் நின்றால் போதும் என்று அந்த நீதிபதி அனுமதிப்பார் என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். வாரா வாரம் அதே கோர்ட்டில் நிற்பவரைப் பிடிப்பதன் லாபம் இது. எல்லா நீதிபதியும் அப்படி விடமாட்டார்கள். 90ஐத் தாண்டிய ஒரு நண்பரை நேரில் வரச் சொன்னார்கள், அவர் பிஸ்கடவேயிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டிப் போய் நின்றார்.

தீர்ப்பு நாளன்று காலையிலிருந்து நான் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் வரை ஒன்றும் இல்லை. அந்தப் பொது வழக்குப் பட்டியலிலேயே போய்ப் பார்த்தேன், குற்றச்சாட்டு திருத்தப்பட்டது, வேக மீறல், 70க்கு 84 என்று இருந்தது. கட்டணம் வாங்கிய அலுவலகம் சொல்வதற்குள் அரசாங்கத் தளம் சொல்லிவிட்டது. மாலையில் வக்கீலிடமிருந்து இரண்டு வரி வந்தது, அபராதம் கட்ட வேண்டிய கடைசித் தேதியோடு. தொடர்பு விஷயத்தில் இவர்களுக்கு மதிப்பெண் குறைவுதான்.

அபராதத்தை அன்றே கட்டினோம். கட்டாமல் விடுவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், குறிப்பாக மாணவர்களுக்கு. நான்ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட் என்று 1977லிருந்து இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது, 44 மாநிலங்களும் டிசியும் அதில் உண்டு. வெளிமாநில டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த மாநிலம் புகார் அனுப்பும், உங்கள் சொந்த மாநிலம் லைசென்ஸை முடக்கும். 2 பாயின்ட்டோடு போக வேண்டியது, முடக்கப்பட்ட லைசென்ஸில் ஓட்டிய குற்றமாக மாறும். முடக்கம், ரத்து எல்லாம் தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் ஏறுவதால், வேறு மாநிலத்துக்குப் போய்ப் புது லைசென்ஸ் எடுத்துத் தப்பிக்கலாம் என்ற கணக்கும் நடக்காது. அதே சமயம் டிசி, மேரிலாந்து பக்கம் கேமரா பிடித்து வீட்டுக்கு வரும் டிக்கெட்டைப் பார்த்து யாரும் வக்கீல் தேட வேண்டாம். அது வண்டியின் சொந்தக்காரருக்கு வருகிற அபராதம், பாயின்ட் கிடையாது. கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

யாருக்கு இந்த வக்கீல் தேவை என்று கேட்டால், என் கருத்து இது. விர்ஜினியாவில் ரெக்லஸ் என்று எழுதியிருந்தால் எந்த மாநில லைசென்ஸாக இருந்தாலும் வக்கீல் வையுங்கள், நியூயார்க்காரரும்தான், கிரிமினல் பதிவுக்கு மாநிலக் கணக்கு தெரியாது. வெறும் 10, 12 மைல் டிக்கெட், பதிவு சுத்தம், நியூஜெர்சி லைசென்ஸ் என்றால் நான் செலவு செய்யமாட்டேன். 2 பாயின்ட்டால் உடனே ஒன்றும் ஆகாது. மூன்று வருடத்துக்குள் 6 சேர்ந்தால்தான் எம்விசி 150 டாலரிலிருந்து சர்சார்ஜ் என்கிற கூடுதல் கட்டணத்தைத் தொடங்கும், 12 ஆனால்தான் லைசென்ஸ் முடங்கும், ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் 3 பாயின்ட் தானாகக் கழியும். ஏற்கெனவே 4 பாயின்ட் வைத்திருப்பவருக்கு அதே 2 பாயின்ட் வேறு விலை. அவர் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது எந்த மாநில லைசென்ஸ் என்று விசாரிக்காத வக்கீலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விர்ஜினியாவின் தகவல் நியூஜெர்சிக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. மறுபடி 15 டாலர் கட்டி வரலாறு எடுத்தேன், வெளிமாநில வேக மீறல், 2 பாயின்ட் என்று ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் இவரை எம்விசி கோர்ஸில் உட்கார வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் கடிகாரம் ஓடும், நேரம் முடியாமல் அடுத்த பக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, இந்த முறை கிரிக்கெட் இல்லை. பாயின்ட் பூஜ்யமானது. மீறல் என்னவோ பதிவில் அப்படியேதான் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பது அந்த வரியைத்தான், பாயின்ட் கழிந்ததே என்று அவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை. ஆனால் அதே கோர்ஸ் முடித்தவருக்கு இன்சூரன்ஸில் 3 வருடம் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்பது நியூஜெர்சி சட்டம், டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து அதை முடித்துவிட்டேன்.